பாப்பாவுக்கு, குதிரை ரெடியாயிட்டு இருக்கு

பாப்பா,

நல்லாருக்கியா. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல பிளைவுட் அறுக்கறத காமிச்சல்ல, ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூலு, அதுமேல பலகை, ஒரு காலால பலகைய மிதிச்சுக்கிட்டு கையில சர்குலர் மிஷின், அத பாத்ததுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. ஃபோன்ல சொன்னா சரிப்பா சரிப்பான்னு சொல்லிட்டு வச்சிருவ. அதான் உக்காந்து எழுதுறேன், நீளமா இருக்கேன்னு பாதியில விட்றாத, முழுசா படி.

உனக்கு ரெண்டு குதிரை செஞ்சுக்கிட்டு இருக்கேன். ஆசாரிங்க பலகைய ரெண்டு பக்கமும் தாங்க வச்சுக்கிட்டு அறுப்பாங்கல்ல, அந்தக் குதிரைதான், ஆனா மடக்குறது. மடக்கிட்டா செவத்துல சாத்தி வச்சிடலாம், உன் கார் ஷெட்டுல ஸ்கூட்டி நிக்கிற இடம் போக மிச்சம் எவ்ளோ இருக்குன்னு எனக்கு தெரியும், அதனாலதான் மடக்குறதா யோசிச்சேன்.

மரம் எதுன்னு கேப்ப. நம்ம கொல்லையில கெணத்துக்கு பக்கத்துல நின்ன வேம்பு, 2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்ச அன்னிக்கு வேரோட சாஞ்சுச்சே, அதுதான். அன்னிக்கு நீ ஃபோன் போட்டு போட்டு பாத்து லைன் கெடைக்காம அழுதேன்னு அப்புறம் சொன்ன. பட்டுக்கோட்டை பக்கம் நம்ம சொந்தக்காரங்க தென்னையெல்லாம் போயி வருஷக்கணக்குல எழுந்திருக்க முடியல, நமக்கு ஒரு வேம்போட போச்சு. அத வெறகுக்கு கேட்டாங்க, எனக்கு குடுக்க மனசில்ல. மரவாடில குடுத்து சட்டமா அறுத்து, பரண்ல ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ரீப்பர் துண்டு, அதான் மெல்லிசு மரச்சட்டம், குடுத்து காத்து போற மாதிரி அடுக்கி வச்சேன். ஒரு இஞ்சு கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு ஆசாரி சொல்லுவாரு, இது அதவிட நாலு மடங்கு காஞ்சிருக்கு. பச்சை மரத்துல செஞ்சிருந்தா ஐப்பசி கார்த்திகைல ஒரு மாதிரி நிக்கும், சித்திரைல முறுக்கிக்கிட்டு மூணு கால்ல ஆடும். மாமரம் சல்லிசா கெடைச்சுச்சு, வேணாம்னுட்டேன், மா சீக்கிரம் உளுத்துப்போகும், கால் கட்டைக்கு அத நம்ப முடியாது. தேக்கு இதுக்கு வீண். வேம்புன்னா பூச்சி கிட்ட வராது, கனமும் அளவா இருக்கும்.

செய்யிற விதம் சொல்றேன், நாளைக்கு நீயே இன்னொரு ஜோடி செஞ்சுக்கலாம். ஒரு குதிரைக்கு ரெண்டு குட்டி ஏணி வேணும்னு வச்சுக்க. ஒவ்வொரு ஏணிக்கும் ரெண்டு கால், மேல ஒரு கட்டை, கீழேர்ந்து ஒரு 8 இஞ்சு மேல ஒரு குறுக்குக் கட்டை. கால் 2க்கு 1½, மேல் கட்டை 3க்கு 1½, நீளம் 30 இஞ்சு. காலும் கட்டையும் சேர்ற எடத்துல ரெண்டுலயும் பாதி பாதி கனத்த எடுத்துட்டு ஒண்ணுமேல ஒண்ணு உக்கார வச்சு, ஃபெவிகால் போட்டு, ரெண்டு ஸ்க்ரூ. வெறும் ஸ்க்ரூவ மட்டும் நம்பாத, ஆட்டம் வர்றது அங்கேர்ந்துதான். வேம்பு ஓரத்துல ஸ்க்ரூ போடுறதுக்கு முன்னாடி சின்ன ட்ரில் போட்டுக்கணும், இல்லன்னா டப்புன்னு வெடிக்கும், எனக்கு ஒரு கால் அப்படி போயி திரும்ப அறுத்தேன்.

ரெண்டு ஏணியையும் முகத்தோட முகம் சேத்து நிறுத்தி, தலைமேல ரெண்டு கீல் படுக்க வச்சு அடிச்சா முடிஞ்சுது. கீழ விரிச்சா, மேல ரெண்டு கட்டையும் வெளி ஓரத்த தூக்கிக்கும், நடுவுல பள்ளம் விழும், கீல் அந்த பள்ளத்துக்குள்ள போயிடும். பலகை அந்த ரெண்டு ஓரத்து மேலதான் உக்காரும், கீல்மேல உக்காராது. ஓரம் ரொம்ப கூரா இருந்தா நசுங்குமேன்னு இழைப்புளில ரெண்டு இழை மட்டும் விட்டேன். முழுசா இழைச்சு சமமாக்கிடாத, அப்புறம் கீல் வெளிய தெரியும், பிளேடு அதுல பட்டுச்சுன்னா பல்லு போயிடும்.

அப்புறம் முக்கியமான ஒண்ணு, விரியிறதுக்கு ஒரு அளவு வேணும். மொதல்ல நைலான் கயிறு கட்டி பாத்தேன், நாலு நாள்ல தளந்துபோச்சு, ராத்திரி பனில வெளிய கெடந்து நீண்டிருக்கு. மறுபடி கட்டுனேன், மறுபடி தளந்துச்சு. அப்புறம்தான் கடைத்தெருவுல போயி சங்கிலி வாங்கியாந்து கீழ் கட்டைலேர்ந்து கீழ் கட்டைக்கு ரெண்டு பக்கமும் மாட்டுனேன். ஒவ்வொரு காலும் 15 டிகிரி சாய்ஞ்சா போதும், அதுக்கு மேல விரிஞ்சா வழுக்கும், அதுக்கு கொறஞ்சா ஒரு பக்கம் தள்ளுனா சாயும். 29 இஞ்சு கால் அந்த சாய்வுல நின்னா 28 இஞ்சு உயரம் வரும், அடியில காலுக்கும் காலுக்கும் 15 இஞ்சு இருக்கும்.

இப்ப நீ ஸ்டூல் போட்டு அறுத்தது ஏன் எனக்கு பயம்னு சொல்றேன். ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல பலகைய அறுத்தா, அறுபட அறுபட நடுவுல தொய்யும், அறுத்த வழி மேல சேந்து பிளேட கவ்விக்கும். கைவாளா இருந்தா மாட்டிக்கிட்டு நின்னுடும். மிஷின் நிக்காது, உன்ன பாத்து துள்ளும். துள்றப்ப ஒரு காலு பலகை மேல, ஒரு காலு தரையில, எப்படி சமாளிப்ப சொல்லு. எனக்கு எடது கட்டைவெரல்ல தழும்பு இருக்கே, நீ சின்னதுல தடவி தடவி கேப்பியே, அது ரெண்டு நாற்காலி மேல பலகை வச்சு அறுத்ததுதான். கைவாளா இருந்ததால வெரலோட நின்னுச்சு.

குறுக்க அறுக்கறப்ப, வெட்டி விழுற துண்டு குதிரைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், ரெண்டு குதிரைக்கும் நடுவுல அறுக்கக்கூடாது. 8க்கு 4 முழு ஷீட்டுன்னா வேற மாதிரி, 18 எம்எம் ஷீட்டு 30 கிலோ கிட்ட வரும், தனியா தூக்காத. குதிரை மேல நீளத்துக்கு நாலு ரீப்பர் போட்டு அதுமேல ஷீட்ட படுக்க வை, அறுக்கற கோட்டுக்கு இந்தப்பக்கம் ரெண்டு அந்தப்பக்கம் ரெண்டு. அறுத்து முடிச்சாலும் ரெண்டு துண்டும் அங்கயே படுத்திருக்கும், பிளேட கவ்வாது. மிஷின் ஆழம் பலகை கனத்தவிட 3 எம்எம் அதிகம் வச்சா போதும், முழுசா எறக்காத.

செஞ்சுக்கிட்டு இருக்கறப்ப அடிக்கடி ஒண்ணு ஞாபகம் வருது பாப்பா. நீ ஒம்பதாவது படிக்கிறப்ப திண்ணையில ஆசாரி கதவு வேலை செஞ்சாரு, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்துலயே உக்காந்திருப்ப, ஒரு நாள் அவரு உளியும் கொட்டாப்புளியும் குடுத்து ஒரு துளை எடுத்து பாருன்னாரு. நான் பாத்துட்டு பிடுங்கி வச்சேன், பொம்பளப்புள்ளைக்கு இது எதுக்குன்னு அவரையும் சத்தம் போட்டேன். நீ ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்ட. அது தப்பு. அன்னிக்கு விட்டிருந்தா இப்ப நீ யூடியூப் பாத்து தனியா தடவிக்கிட்டு இருக்க வேண்டாம், அந்த மனுஷன் கையப்பிடிச்சு சொல்லி குடுத்திருப்பாரு. அவரு போயி மூணு வருஷமாச்சு. அவரு உளி ரெண்ட அவங்க வீட்டுல கேட்டு வாங்கி வச்சிருக்கேன், அது உனக்குத்தான்.

இங்க சம்பா அறுப்பு முடிஞ்சுது, வயல்ல வைக்கோல மிஷின் உருட்டி உருட்டி கட்டிக்கிட்டு இருக்கான், அடியில தெளிச்ச உளுந்து பச்சையா தெரியுது. பாமணியாத்துல தண்ணி எறங்கிடுச்சு. உங்கம்மாவுக்கு முட்டி வலி பரவால்ல.

இப்ப ஒரு வேலை இருக்கு உனக்கு. ஒசரம் பாக்கணும்னு உங்கம்மாவ நிக்க வச்சு அளந்தேன், அவ கைய தொங்க விட்டா மணிக்கட்டு மடிப்பு தரையிலேர்ந்து 29 இஞ்சு வருது, அதுக்கு ஒரு இஞ்சு கீழ குதிரை இருந்தா முதுகு வளையாது. அதான் அந்த 28 கணக்கு. அறுக்கப்போறப்பதான் அவ சொன்னா, புள்ள என்னவிட நாலு வெரக்கட ஒசரம், அவளுக்கு இது குனியிற மாதிரி ஆயிடும்னு. நல்ல நேரத்துல சொன்னா, கால அறுக்காம நீளமா விட்டுட்டேன், இப்ப 32ல நிக்குது. அறுத்துட்டா ஒட்ட முடியாது.

அதனால செருப்பு போடாம நேரா நின்னு, கைய தளர்வா விட்டு, தரையிலேர்ந்து மணிக்கட்டு மடிப்பு வரைக்கும் அளந்து அனுப்புமா. நீயே குனிஞ்சு அளக்காத, குனிஞ்சா கணக்கு மாறிடும், கீழ் வீட்டு அக்காவ டேப் பிடிக்க சொல்லு. நீ ஷெட்டுல ஷூ போட்டுக்கிட்டுதான் வேலை செய்வேன்னா ஷூவோட ஒரு தடவையும் அளந்து ரெண்டையும் எழுது. வந்த உடனே சமதரையில விரிச்சு நிறுத்தி, சின்ன பலகைத்துண்டு மேல பென்சில படுக்க வச்சு நாலு காலையும் சுத்தி கோடு போட்டு அறுத்துடுவேன், கால் அடி அந்த சாய்வுக்கே தரையோட படிஞ்சு உக்காரும், அடியில பழைய சைக்கிள் ட்யூப் ஒட்டி தர்றேன்.

ஒரு குதிரை எட்டு ஒம்போது கிலோ வரும். பங்குனில வெண்ணெய்த்தாழி திருவிழாவுக்கு வருவல்ல, திரும்பறப்ப செம்மொழி எக்ஸ்பிரஸ்ல சீட்டுக்கு அடியில மடக்கி தள்ளிடலாம், ஸ்டேஷன் வரைக்கும் நான் தூக்கியாறேன். அது வரைக்கும் அந்த மிஷின எடுக்காத, வேணும்னா கைவாள்ல தரையில ரீப்பர் போட்டு அறுத்துக்க.

அளவ இன்னிக்கே அனுப்பு.

அப்பா