செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

நம் தோட்டத்துச் சங்கத்தின் தலைவர் ஐயாவுக்கும் செயலவையினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். ஆண்டுக் கூட்டத்தில் நேரமாகிவிட்டது என்று என் அறிக்கையைப் பாதியில் முடிக்கச் சொன்னார்கள், நானும் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வராதவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக முழுவதையும் எழுதிப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போடுகிறேன். சங்கப் பதிவிலாகாவுக்கு 60 நாளுக்குள் போக வேண்டிய பாரங்கள் போய்விட்டன.

பொங்கலுக்கு மண்டப வாசலில் பானை வைத்தோம். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் வழக்கம்போல். பழைய லயத்துப் பக்கம் உள்ள மயானத்தில் இரண்டு முறை கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவு), இரண்டாவது முறை ஆறு பேர் வந்தோம். தமிழ்ப்பள்ளிக்குப் பள்ளிப்பைகள் கொடுத்தோம். தீபாவளி விருந்து மழையிலும் நன்றாக நடந்தது. செயலவை ஏழு முறை கூடியது, மூன்று கூட்டங்களை ஆள் போதாமல் ஒத்திவைத்தோம்.

இனி, வாசிப்பு வட்டம். சனிக்கிழமை இரவுகளில் எட்டு முறை உட்கார்ந்தோம். ரத்தத்தில் கிருமி பரவி உயிருக்கே ஆபத்தான நிலையில் கிடப்பவருக்கு டிரிப்பில் எந்தத் தண்ணி ஏற்றுவது, எவ்வளவு ஏற்றுவது என்று உலகத்தில் நடந்த ஆய்வுகளைப் படித்தோம். தோட்டத்துச் சங்கத்துக்கு இது எதற்கு, அந்தக் காசில் ஒரு குடும்ப தினம் வைத்திருக்கலாமே என்று கோப்பிக்கடையில் பேச்சு நடப்பதாகக் காதில் விழுந்தது. கேட்க வேண்டிய கேள்விதான், பதில் சொல்கிறேன்.

என் தம்பி இரண்டு வருசத்துக்கு முன் காலமானது எல்லாருக்கும் தெரியும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவன். காலில் செம்பனை முள் குத்திய புண்ணுக்கு மஞ்சளைத் தடவிக்கொண்டு ஒரு வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டான். காய்ச்சலும் பிதற்றலும் வந்த பிறகுதான் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதல் நாள் டிரிப் வேகமாக ஓடியது. மறுநாள் ஓர் இளம் டாக்டர் வந்து பார்த்து, தண்ணியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, ரத்த அழுத்தத்தைத் தூக்கும் மருந்தைக் கூட்டினார். நான் வார்டிலேயே சத்தம் போட்டேன். முப்பது வருசம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்தவன், என் கையால் எத்தனையோ பேருக்கு டிரிப் போட்டவன், தண்ணியை நிறுத்தினால் ஆள் போய்விடுவான் என்று அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கத்தினேன். மூன்றாம் நாள் தம்பி போய்விட்டான். அந்த டாக்டர் செய்தது சரியா, நான் கத்தியது சரியா என்று தெரியாமல் மாதக்கணக்கில் தூங்கவில்லை. நம் உறுப்பினர் ஒருவரின் மகள் மருந்தியல் படிக்கிறாள், அவளிடம் கேட்டேன். அவள் எடுத்துக் கொடுத்த கட்டுரைகளிலிருந்துதான் இந்த வட்டம் தொடங்கியது.

முதலில் படித்தது 2001-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த ஆய்வு. டாக்டர் இமானுவேல் ரிவர்ஸ் குழுவினர் 263 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு முதல் ஆறு மணி நேரத்தில் ரத்த அழுத்தம் முதலானவை எட்ட வேண்டிய அளவுகளைக் குறி வைத்துத் தண்ணி, மருந்து, தேவைப்பட்டால் ரத்தம். வழக்கமான பக்கம் மருத்துவமனையில் இறந்தவர்கள் 46.5 விழுக்காடு, மறு பக்கம் 30.5. உலகம் முழுக்க இதைப் பின்பற்றினார்கள். நான் டிரெசராக நம்பியதும் இதைத்தான்: சீக்கிரம் ஏற்று, நிறைய ஏற்று. ஆனால் 2014, 2015-ல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து என்று மூன்று இடங்களில் அதே முறையைப் பெரிய அளவில் சோதித்தபோது, வழக்கமான சிகிச்சைக்கும் அதற்கும் இறப்பில் வித்தியாசமே தெரியவில்லை. அப்படியானால் ரிவர்ஸ் சொன்னது தவறா? இங்கேதான் சண்டை. அவரால்தான் வழக்கமான சிகிச்சையே மாறிப்போனது, இந்த நோயாளிகளுக்கெல்லாம் ஆய்வில் சேரும் முன்பே இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணி போய்விட்டதே, பிறகு எப்படி வித்தியாசம் தெரியும் என்கிறார்கள் ஒரு சாரார். ஒரே மருத்துவமனையில் 263 பேரை வைத்து உலகத்துக்கே விதி எழுதியது ஆரம்பத்திலேயே அவசரம் என்கிறார்கள் மறு சாரார். இரண்டிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

நான் உடைந்துபோனது மூன்றாவது சனிக்கிழமை. 2011-ல் வந்த ஃபீஸ்ட் ஆய்வு. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,141 பிள்ளைகள். சிலருக்கு வேகமாக உப்புத் தண்ணி, சிலருக்கு அல்புமின் என்ற புரதம் கலந்த தண்ணி, சிலருக்கு வேகமாக எதுவும் ஏற்றாமல் மற்ற சிகிச்சைகள் மட்டும். ஏற்றிய இரண்டு பக்கமும் 48 மணி நேரத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இறந்தார்கள், ஏற்றாத பக்கம் 7.3. பாதுகாப்புக் குழு ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது தேறினாற்போல் இருந்தவர்கள், தண்ணி ஏற்றிய பிள்ளைகளில்தான் அதிகம்! நாடி திரும்பியது, கை கால் சூடானது, அப்புறம்தான் இறந்தார்கள். நான் முப்பது வருசமாகப் பார்த்ததும் அந்த முதல் ஒரு மணி நேரத்தைத்தான். டிரிப் போடுவேன், நாடி திரும்பும், வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். மறுநாள் அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கணக்கு வைக்கவில்லை. இதைச் சொல்லும்போது அன்றைக்கு எனக்குக் குரல் அடைத்துவிட்டது. வந்திருந்த பதினொரு பேரும் பார்த்தார்கள்.

அந்த ஆய்வுக்கும் மறுப்பு உண்டு. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மலேரியா, பலருக்குக் கடும் ரத்தசோகை, மூச்சு இயந்திர வசதி இல்லாத மருத்துவமனைகள், இதை வைத்து மற்ற நாடுகளுக்கு முடிவு சொல்லலாமா என்று கேட்டார்கள். ஆனால் மலேரியா உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தாலும் கணக்கு அதே பக்கம்தான் சாய்ந்தது. சாம்பியாவில் ரத்த அழுத்தம் விழுந்துபோன பெரியவர்கள் 212 பேரிடம் நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்விலும் நிறையத் தண்ணி ஏற்றிய பக்கம் இறந்தவர்கள் 48 விழுக்காடு, வழக்கமான பக்கம் 33. சரி, தீவிர சிகிச்சை வசதி உள்ள நாடுகளில்? 2022-ல் ஐரோப்பாவில் நடந்த கிளாசிக் ஆய்வில் 1,554 பேர், 2023-ல் அமெரிக்காவின் குளோவர்ஸ் ஆய்வில் 1,563 பேர். குறைவாகக் கொடுத்தாலும் தாராளமாகக் கொடுத்தாலும் இறப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே அந்த இளம் டாக்டர் தவறு செய்யவில்லை. நான் கேட்டதைச் செய்திருந்தாலும் தம்பி பிழைத்திருப்பான் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அவரைத் தேடிப் போனேன், மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வட்டத்தில் அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் போன ஒருவர், டிங்கிக் (டெங்கு) காய்ச்சலில் இருந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணி ஏற்ற விடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். தயவு செய்து இப்படிச் செய்யாதீர்கள். டிங்கி வேறு கணக்கு. ரத்தத்தில் கிருமி விஷயத்திலும், கிளாசிக் ஆய்வில் குறைவாகக் கொடுத்த பக்கத்துக்கும் தண்ணி போயிருக்கிறது, குளோவர்ஸில் எல்லாருக்குமே ஆரம்பத் தண்ணி போன பிறகுதான் ஆய்வே தொடங்கியது. அதற்கு மேல் எவ்வளவு என்பதில்தான் வாதம். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காய்ச்சலோடு பிதற்றல், வேகமான மூச்சு, சிறுநீர் குறைவது என்று எதைக் கண்டாலும் மஞ்சளோடு உட்கார்ந்திருக்காமல் உடனே கொண்டு போவது.

மாவுத் தண்ணி பற்றியும் ஓர் இரவு படித்தோம். சோளம், உருளைக்கிழங்கு மாவிலிருந்து செய்யும் திரவம், ரத்தக் குழாயில் அதிக நேரம் தங்கும் என்று நம்பிக் கொடுத்தார்கள். 2012-ல் வடக்கு ஐரோப்பாவில் சுமார் 800 பேரிடம் சோதித்ததில், மாவுத் தண்ணி பெற்றவர்களில் 51 விழுக்காடு 90 நாளுக்குள் இறந்தார்கள், மற்ற பக்கம் 43. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களும் மாவுப் பக்கமே அதிகம். அதை ஆதரித்து நிறைய எழுதிய ஜெர்மன் டாக்டர் யோவாகிம் போல்ட்டின் கட்டுரைகள் ஏற்கெனவே டஜன் கணக்கில் திரும்பப் பெறப்பட்டிருந்தன. டயாலிசிஸ் வேன் வராத தெரு நம் ஊரில் இல்லை, அதனால் அன்றைக்கு எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள்.

எல்லாரும் என்றால் ஒன்பது பேர். பேர் பதிந்தவர்கள் முப்பதுக்கு மேல். செயலவையிலிருந்து ஒருவர் மட்டுமே தொடர்ந்து வந்தார். வேலை, பிள்ளைகளின் டியூஷன், உடம்புக்கு முடியாதது எல்லாம் எனக்கும் புரியும். ஆனால் வருகிறேன் என்று புலனத்தில் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வராமல் இருப்பது, இரவு கண் விழித்துத் தமிழில் குறிப்பெழுதிக் கொடுத்த அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அவமரியாதை என்றே நினைக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். பொதுவாகச் சொன்னால் கையிருப்பு போன வருசத்தைவிடக் கொஞ்சம் குறைவு. வட்டத்துக்கு ஆன செலவு நகல் எடுக்கவும் தேநீருக்கும்தான், பெரும்பகுதி என் கைக்காசு. குறைவுக்குக் காரணம் சந்தா. வருசத்துக்கு 24 வெள்ளி (ரிங்கிட்), மாதம் இரண்டு வெள்ளி, ஒரு கோப்பிக்குக்கூடப் போதாத காசு. பாதிப் பேர் கட்டவில்லை, சிலர் மூன்று வருசமாக. பெயர்களை இங்கே போடச் சொன்னார்கள், போட எனக்கு மனம் வரவில்லை.

தலைவர் ஐயாவுக்கும், சமையலுக்கு முன்நிற்கும் அக்காமாருக்கும், கணக்காய்வாளர்களுக்கும், மண்டபத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்த அன்பருக்கும் நன்றி.

அடுத்த வருசம் சாதாரண உப்புத் தண்ணியா, ரத்தத்தின் உப்புச் சேர்மானத்துக்கு நெருக்கமான தண்ணியா என்ற வழக்கைப் படிக்கலாம் என்றிருக்கிறோம். அமெரிக்காவில் 2018-ல் 15,000 பேருக்கு மேல் வைத்துச் செய்த ஆய்வில் இரண்டாவதற்குச் சிறிது நன்மை தெரிந்தது, பிறகு பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் செய்தபோது இறப்பில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. செயலாளர் பொறுப்பில் தொடரச் சொன்னால் தொடர்கிறேன், வேறு யாராவது ஏற்பதானாலும் மனமார ஒப்படைக்கிறேன், வட்டத்தை மட்டும் நிறுத்த வேண்டாம். வயசான அப்பா அம்மா உள்ளவர்கள், இனிப்பு நீர் உள்ளவர்கள், சந்தா பாக்கி இருந்தாலும் வாருங்கள். மண்டபச் சாவி என்னிடம்தான் இருக்கிறது, மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு 8 மணிக்குத் திறந்து வைக்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்