காய்ச்சல் போன பிறகு கொட்டும் முடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி மழையில் என் பேத்திக்கு டெங்கு வந்தது. பத்து நாளில் தேறிவிட்டாள். தை பிறந்ததும் முடி கொட்ட ஆரம்பித்தது. தலை வாரினால் சீப்பு நிறைய வரும். பின்னல் சுண்டுவிரல் அளவுக்கு இளைத்துவிட்டது. உதிர்ந்த ஒவ்வொரு முடியின் அடியிலும் ரவை போல ஒரு வெள்ளைப் புள்ளி. "வேரோட வருது பாட்டி" என்று அழுதாள். முடி சிகிச்சை நிலையம் ஒன்றிலும் அந்தப் புள்ளியைக் காட்டி, வேர் செத்துவிட்டது என்று பயமுறுத்தி 18,000 ரூபாய் கேட்டார்கள்.

அது வேரே இல்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. முடி உருவாகும் இடம் தோலுக்குள் இருக்கும் மயிர்க்கால். அங்கே செல்கள் பெருகி, கெரட்டின் என்ற கடினமான புரதமாக இறுகி, மேலே தள்ளப்படுகின்றன. வெளியே தெரியும் முடியில் உயிர் கிடையாது. வெட்டினால் வலிக்காதது அதனால்தான். தலைமுடி ஒன்று 2 முதல் 6 வருடம் வளரும். அப்புறம் வளர்ச்சி நின்று, சுமார் மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு விழும். வளர்ச்சி நிற்கும்போது அடிமுனை உருண்டு கெட்டியாகிவிடும். பேத்தி பார்த்தது அந்த உருண்டையைத்தான். மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, அடுத்த முடியை வளர்க்க.

குதிரைக்கும் பல நாய்களுக்கும் பருவம் மாறும்போது ரோமம் மொத்தமாக உதிரும். நம் தலையில் ஒவ்வொரு முடிக்கும் தனிக் கணக்கு. அதனால் தினம் 50 முதல் 100 வரை போனாலும் கண்ணுக்குத் தெரியாது. கடும் காய்ச்சல் அந்தக் கணக்கைக் குலைத்து, ஏராளமான முடிகளை ஒரே சமயத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து கொட்டுகின்றன. பிள்ளை பெற்றவர்களுக்கு முடி கொட்டுவதும் இப்படித்தான்.

தோல் மருத்துவர் இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதித்துவிட்டு, பொறுத்திருங்கள் என்றார். சித்திரையில் நெற்றி ஓரத்தில் ஒரு அங்குல நீளத்துக்குப் புது முடி குத்திட்டு நின்றது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தானே வளரும்!

மழைக்காலத்தில் கொசு, காய்ச்சல் பற்றி விடாமல் எழுதுகிறீர்கள், சரி. மார்கழி, தை மாதங்களில் இதைப் பற்றியும் ஒரு தோல் மருத்துவரை எழுதச் சொல்லுங்கள். வட்ட வட்டமாகக் கொட்டினாலோ, ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் அதில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
பெரம்பூர், சென்னை - 11.