ரெண்டு சாவி

அன்புள்ள செல்விக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். நீ கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதம் விழுப்புரம் தாண்டுவதற்குள் தீர்ந்துபோச்சு. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதுகிறேன். மீட்டிங் முடிந்ததும் படி.

ஆறு மணிக்கு நீ ஆபீஸ் வேலையை முடித்து எழுந்தால், நாற்காலிச் சூடு ஆறுவதற்குள் அகில் ஏறி உட்கார்ந்துவிடுகிறான். அதே கம்ப்யூட்டர், அதே லாகின். வியாழக்கிழமை ஏதோ கேமுக்கு, காசில்லாமல் எல்லா லெவலும் திறக்குமாம், ஒன்றை இறக்கினான். யூடியூபில் ஒருத்தன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னான், அணைத்தான். நடுவில் மஞ்சள் பட்டையோடு ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்டது. படிக்கக்கூட இல்லை, "யெஸ்" தட்டினான். "என்னடா அது?" என்றேன். "அது எப்பவும் வரும் பாட்டி!"

உன்னிடம் சொன்னதற்கு "டெலிட் பண்ணிட்டேன்மா" என்றாய். எனக்கு மனசு ஆறவில்லை.

முப்பது வருஷம் பேங்கில் கேஷ் பார்த்தவள் நான். ஸ்ட்ராங் ரூமுக்கு ரெண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று அக்கவுண்டன்டிடம். ஒரு நாள் அவருக்கு நல்ல ஜுரம். "ரெண்டையும் நீங்களே வெச்சுக்குங்கம்மா, காலையில திறந்துடுங்க" என்றார். மேனேஜர் விடவில்லை. இன்னொரு ஆபீசர் வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கும்வரை கவுண்டரில் ஜனம் நின்றது. அன்றைக்கு எனக்கு மேனேஜர்மேல் அப்படி ஒரு கோபம்.

நீ பாஸ்வேர்டு போட்டதும் போனில் ஒரு எண் வருகிறதே, அதுவும் ரெண்டாவது சாவிதான் என்று நிம்மதியாக இருந்தேன். இங்கே வந்து லாஸ்ட்பாஸ் கதையைப் படித்ததும் அது போச்சு. பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைப்பதே அந்தக் கம்பெனியின் தொழில். 2022-இல் அங்கே திருட்டு. முக்கியமான சாவிகள் நாலே இன்ஜினியர்களிடம்தான் இருந்தன. அதில் ஒருவருடைய வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டான் திருடன். வீட்டில் படம் பார்க்க அவர் வைத்திருந்த ப்ளெக்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டை. அதை அடைக்கும் அப்டேட் 2020 மே மாதமே வந்துவிட்டது, அவர் போடவில்லை. தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் குறித்துக்கொள்ளும் ஒரு புரோகிராமை உள்ளே வைத்துவிட்டுக் காத்திருந்தான். மனுஷர் ரெண்டு சாவியும் போட்டு முறையாகத்தான் திறந்தார். மாஸ்டர் பாஸ்வேர்டு போய், வாடிக்கையாளர்கள் பூட்டி வைத்திருந்ததன் நகலும் போனது. வெளியே எத்தனை பூட்டு போட்டு என்ன, அவன்தான் ஸ்ட்ராங் ரூமுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தானே.

அகில் இறக்கின சாமான் கூட எதைக் கூட்டிக்கொண்டு வந்ததோ. கேமை அழித்தால் அதுவும் போகும் என்று நம்பாதே. இன்றைக்கே உன் ஆபீஸ் ஐடி ஆட்களிடம் நடந்ததை நடந்தபடி சொல். கேஷில் குறைந்தால் அன்றைக்கே சொல்கிறவளுக்குக் கணக்குப் பிசகு, மறுநாள் சொல்கிறவளுக்கு விசாரணை. பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதே, உள்ளே திருடன் இருந்தால் புதுசையும் பார்த்துக்கொள்வான். மாப்பிள்ளையின் லேப்டாப்பில் மாற்று.

இன்னொன்று. உன்னுடையது இன்னும் விண்டோஸ் 10. அதற்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உன் பழைய கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை என்று நீதான் சொன்னாய். அதில் இனி ஆபீஸ் வேலை வேண்டாம். ஆபீசில் ஒரு லேப்டாப் கேள், கூச்சப்படாதே, நீ வேலை பார்ப்பது அவர்களுக்குத்தானே. வந்ததும் அதை அகில் கையில் கொடுக்காதே. அவனுக்கு வேறொன்றில் தனி லாகின் போட்டுக் கொடு. எதையாவது இறக்கினால் உன் பாஸ்வேர்டு கேட்கிற மாதிரி இருக்கட்டும். டிவிக்குக் கீழே இருக்கிற வைஃபை பெட்டிக்கும், ஃபைபர் மாட்ட வந்த பையன் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டுதான் இன்னும் ஓடுகிறது. அதையும் மாற்று.

அகிலைத் திட்டாதே. அவன் அனுமதி கேட்டிருந்தாலும் நீ மீட்டிங்கில் இருந்திருப்பாய். அந்தக் கேம் உண்மையில் என்ன விலை என்று கேட்டுச் சொல்லு, காசு கொடுத்தே வாங்கட்டும். பணம் நான் போட்டுவிடுகிறேன், நீ பாஸ்வேர்டை மாற்றின பிறகு.

அன்புடன்,
அம்மா
கும்பகோணம்