ஆமையின் வரைபடம்: ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சிகிச்சை முடிந்து கடலில் விடப்பட்ட ஆமை ஒன்றின் பயணத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பருவம் முழுவதும் வரைபடத்தில் பார்த்துக் குறித்துவருவார்கள். “ரெண்டு நாளா புள்ளியே வரலையே, ஆமை செத்துப்போச்சா?” என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்ல இது உதவும்.

ஓட்டின் மேடான பகுதியில் பாசியையும் ஒட்டுச்சிப்பியையும் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து, சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர் கருவியை எபாக்சி பசையால் ஒட்டியிருப்பார்கள். இறுகும்போது இந்தப் பசை சூடாகும். அதனால் ஒரேயடியாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாகப் பூசுவார்கள். கருவிக்குள் உப்புநீரை உணரும் சுவிட்ச் ஒன்று உண்டு. ஆமை மூச்சுவிட மேலே வந்து, ஆண்டெனா தண்ணீருக்கு வெளியே நீண்டால்தான் சிக்னல் கிளம்பும். மூச்சுக்குச் சில விநாடி போதும், உடனே முங்கிவிடும். அந்தச் சில விநாடியில், சிக்னலை வாங்கி இடத்தைக் கணிக்கும் ஆர்கோஸ் அமைப்பின் செயற்கைக்கோள் ஒன்று வானில் இருக்க வேண்டும். ஒரு தடவை அது கடந்துபோக ஏறத்தாழ 10 நிமிடம்தான். புள்ளி தினமும் வராததற்கு இதுவே காரணம்.

வந்த புள்ளியையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தரக்குறி இருக்கும். 3 என்றால் பிழை 250 மீட்டருக்குள். 2 என்றால் 500 வரை. 1 என்றால் 1,500 வரை. 0 என்றால் அதற்கும் மேல். ஏ, பி என்று வந்தால் பிழை எவ்வளவு என்றே கணிக்க முடியாது. ஆமை கரையேறி வயலுக்குள் நிற்பதுபோலத் தெரிந்தால், முதலில் இந்தக் குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை 6:10-க்கு ‘பி’ தரத்தில் ஒரு புள்ளி, 7:10-க்கு ‘3’ தரத்தில் 40 கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர் எந்த ஆமையும் நீந்தாது. ‘பி’யை அடித்துவிட வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்படு என்பது வகுப்பில் நாங்கள் வைத்திருக்கும் விதி.

பிள்ளைகள் அதிகம் தவறுவது இரண்டு இடங்களில். 10.30 டிகிரியை 10 டிகிரி 30 நிமிடம் என்று குறித்துவிடுகிறார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் அது 10 டிகிரி 18 நிமிடம். அட்சரேகையில் இந்த ஒரு பிழைக்கே 22 கிலோமீட்டர் தள்ளிப்போகும். நேரம் யுடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) கணக்கில் வருவதை மறப்பது மற்றது.

வாரக்கணக்கில் சிக்னல் இல்லையென்றாலும் ஆண்டெனா ஒடிந்திருக்கலாம், பேட்டரி தீர்ந்திருக்கலாம், சுவிட்சின் மேல் பாசி மூடிவிட்டதால் கருவி இன்னும் தண்ணீருக்குள் இருப்பதாகவே எண்ணலாம், பசையோடு கருவியே கழன்றிருக்கலாம். உண்மையில் கவலைப்பட வேண்டியது இரவும் பகலும் ஓயாமல் நல்ல தரத்தில் சிக்னல் வந்தால்தான். ஆமை முங்க முடியாமல் மிதக்கிறது, அல்லது கருவி மட்டும் தனியே மிதக்கிறது என்று அர்த்தம். புள்ளிகள் சாலை வழியே உள்நாட்டுக்குள் போனால் யாரோ வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

பெரும்பாலான கருவிகள் சில மாதங்கள், மிஞ்சினால் ஓராண்டு சொச்சம் உழைக்கும். 2017 டிசம்பரில் கேப்டவுனில் கடலில் விடப்பட்ட யோஷி என்ற பெருந்தலை ஆமை, 2020-இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையோரத்தை எட்டும்வரை சிக்னல் அனுப்பியது அபூர்வம். 37,000 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தியிருந்தது.

குறிப்பேட்டில் தேதி, யுடிசி நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, தரக்குறி என்று ஐந்து பத்திகள் போதும். அடித்த புள்ளியை அழிக்க வேண்டாம்; ஏன் அடித்தோம் என்று பக்கத்தில் எழுதட்டும். வெள்ளிக்கிழமைதோறும் குறிப்பேட்டைக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்