வாஷிங்டனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் நலமா? ஏப்ரல் பிறந்தும் குளிர் விடவில்லை. காலை ஷிப்டுக்கு பஸ்ஸுக்காக நிற்கும்போது காது மடல் வலிக்கிறது. மற்றபடி குறையில்லை. அவருக்கு நிசான் கார் ஃபேக்டரி வீட்டிலிருந்து பக்கம்தான். எனக்கும் வார்டில் வேலை பழகிவிட்டது. வயதான நோயாளிகள் பேசும் வடக்கத்தி ஆங்கிலம்கூட இப்போது பாதிக்கு மேல் புரிகிறது.

மகள் வாஷிங்டனில் இருக்கிறாள் என்றால் உங்கள் தபால் ஆபீஸ் நண்பர்கள் "அமெரிக்காவா?" என்று கேட்கிறார்களாமே. அந்த வாஷிங்டனுக்குப் பெயர் போனதே இந்த ஊரிலிருந்துதான் என்று அவர்களிடம் சொல்லுங்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லேண்டுக்குப் பக்கத்தில், நேற்று வரை நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்த சின்ன ஊர். 1964-இல் புதுநகரமாக அறிவித்து வீடுகளைக் கட்டி நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் நடுவில் பழைய கிராமம் அப்படியே இருக்கிறது. மாதா கோவிலை ஒட்டி ஒரு கல்வீடு, பெயர் ஓல்டு ஹால். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வந்ததிலிருந்து உங்களுக்கு இதை எழுத வேண்டும் என்றே இருந்தது.

ஊர் பழையது. ஆங்கிலோ-சாக்சன் காலத்தில் யாரோ ஒருவருடைய ஆட்களின் பண்ணையாக இருந்து, அவர் பெயரிலேயே ஊரானது என்கிறார்கள். ஆள் பெயர் ஊர்ப்பெயரானது, பிறகு அந்த ஊர்ப்பெயர் ஒரு குடும்பத்தின் பெயரானது. இரண்டாவது எப்படி நடந்தது என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. டர்ஹம் பிஷப் தன் நிலங்களுக்கெல்லாம் 1183-இல் ஒரு கணக்குப் புத்தகம் எழுதவைத்தார், நம் ஊர் அடங்கல் மாதிரி. ஹார்ட்பர்ன் ஊர் வில்லியம் என்பவர் அந்த ஊரைக் கொடுத்துவிட்டு மாற்றாக வாஷிங்டனை வைத்திருக்கிறார், ஆண்டுக்கு நாலு பவுண்டு கட்ட வேண்டும், பிஷப் பெரிய வேட்டைக்குப் போனால் நாலு வேட்டை நாய்களோடு கூடப் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது.

ஊர் மாறியதும் அவருடைய பெயரும் மாறிவிட்டது அப்பா! ஹார்ட்பர்ன் வில்லியம் வாஷிங்டன் வில்லியம் ஆகிவிட்டார். அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் இன்னும் கெட்டிப்படவில்லை. ஒரே ஊரில் பத்து வில்லியம் இருந்தால் எந்த வில்லியம் என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் ஊர்ப்பெயர். நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் ஊரின் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஏழைபாழைக்கு அது பெரும்பாலும் ஊரை விட்டுப் போன பிறகுதான் ஒட்டிக்கொண்டது. பிராட்ஃபோர்டிலேயே இருப்பவரை யாரும் பிராட்ஃபோர்டுக்காரர் என்று கூப்பிட மாட்டார்களே. அடுத்த ஊருக்குப் பிழைக்கப் போனால்தான் அந்தப் பெயர் வரும். அப்புறம் சில தலைமுறைகளில் அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கி நிலைத்துவிட்டது.

வாஷிங்டன் குடும்பமும் கிளை கிளையாக நகர்ந்தது. ஒரு கிளை லங்காஷயர் பக்கம் வார்ட்டனில் தங்கி, அங்கிருந்து ஒருவர் தெற்கே போய்க் கம்பளி வியாபாரத்தில் பணம் பார்த்து, நார்த்தாம்ப்டன் நகர மேயராகி, 1539-இல் சல்கிரேவ் என்ற ஊரில் நிலம் வாங்கினார். அவர் வழியில் வந்த ஜான் வாஷிங்டன் 1650-களில் கப்பலேறி வர்ஜீனியா போய்ச் சேர்ந்தார். ஜார்ஜ் வாஷிங்டன் அவருடைய கொள்ளுப்பேரன்.

அந்தக் குடும்பம் ஒருகாலத்தில் இருந்த இடம் என்பதால் ஓல்டு ஹாலில் எல்லோரும் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனைத்தான் பேசுகிறார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டர் 1977-இல் வந்து மரம் நட்டாராம். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 அன்று வருஷாவருஷம் விழா நடக்கிறது. 1930-களில் இடிந்துவிழும் நிலையில் இருந்த வீட்டை ஊர்க்காரர்கள் போராடிக் காப்பாற்றினார்கள், அதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் என் மனதில் நின்றது வேறு.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. 2000-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருள்ளவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்பின மக்கள். அடிமையாக இருந்தவர்களின் வாரிசுகள்! ஜார்ஜ் வாஷிங்டன் 1799-இல் இறந்தபோது அவருடைய பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தார்கள். ஆனாலும் இன்று இந்தப் பெயரோடு இருப்பவர்கள் எல்லோரும் அந்தப் பண்ணை வழி வந்தவர்கள் இல்லை. விடுதலைக்கு முன்னும் பின்னும் பலர் தாங்களே விரும்பி எடுத்துக்கொண்ட பெயர் இது.

புக்கர் வாஷிங்டன் அப்படி ஒருவர். 1856 வாக்கில் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலை கிடைத்துப் பள்ளிக்கூடம் போன முதல் நாட்களில், ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு மூன்று பெயர் இருப்பதைக் கவனித்திருக்கிறார். இவருக்கு இருந்ததோ புக்கர் மட்டும். தன் முறை வந்ததும் "புக்கர் வாஷிங்டன்" என்று தயங்காமல் சொல்லிவிட்டார். அவருடைய அம்மாவின் கணவருக்கு வாஷிங்டன் என்று பெயர். பின்னால் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் கறுப்பினப் பிள்ளைகளுக்காகப் பெரிய கல்விக்கூடத்தையே கட்டி எழுப்பினார். எட்டு நூறு வருஷத்துக்கு முன்னால் நிலத்தோடு சேர்த்து ஒரு பிரபுவுக்கு வந்த பெயரை, நிலமே இல்லாத ஒரு சிறுவன் வகுப்பறையில் எழுந்து நின்று தனதாக்கிக்கொண்டான். இந்த ஊருக்கு ஜனாதிபதியைவிட அந்தச் சிறுவனால்தான் அதிகப் பெருமை என்று நினைக்கிறேன். ஓல்டு ஹாலில் அவருக்கும் ஒரு மரம் நடலாம்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். நம் தாத்தாவின் பத்திரங்களில் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து இருக்குமே. ஒன்று அவருடைய அப்பா பெயர், தெரியும். இன்னொன்று எந்த ஊர்? பெரிய அத்தைக்கு நினைவிருக்கும். ஞாபகம் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அம்மாவிடம் சுகர் மாத்திரையை வேளை தவறாமல் போடச் சொல்லுங்கள். பணம் அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகள்