அம்மாவுக்கு, மும்பைல இருந்து

அம்மா,

முட்டுவலி எப்படி இருக்கு? போன்ல சொன்னா நீயும் அழுவ நானும் அழுவேன், அதான் எழுதுறேன், தம்பிய படிச்சு காட்ட சொல்லு. வெளிநாடு மாதிரி இருந்த ஊரு இப்ப பழகிருச்சு, லோக்கல் ட்ரெய்ன், இந்தி, அரைகுறை மராத்தி எல்லாம். மாட்டுங்கா போனா மல்லிப்பூ கூட கெடைக்குது. ஆனா பழகக்கூடாத ஒன்னும் பழகிருச்சும்மா.

ஆச்சி படுத்த படுக்கையா கெடந்தப்ப ராத்திரியிலயும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எந்திரிச்சு புரட்டி போடுவல்ல, கடைசி வரைக்கும் ஒரு புண்ணு வரல. இங்க பாட்டிய ஆஜின்னு கூப்பிடுறாங்க, கேக்க நம்ம ஆச்சி மாதிரியே இருக்கும். போன வாரம் நான் நர்ஸ் வேல பாக்குற வார்டுல ஒரு ஆஜிக்கு பெட்ஷீட் மாத்த திருப்புறேன், இடுப்புக்கு கீழ சதை தெரியுற அளவுக்கு பெட் சோர், படுத்தே கெடந்து வர்ற புண்ணு. செஞ்சத குறிக்கிற சார்ட் பேப்பர எடுத்து பாத்தா 2 மணிக்கு திருப்பியாச்சு 4 மணிக்கு திருப்பியாச்சுன்னு வரிசையா டிக். அதுல பாதி நான் போட்டது.

வந்த புதுசுல ஒவ்வொருத்தருக்கும் வாட்ச பாத்து முழுசா ஒரு நிமிஷம் மூச்சு எண்ணுவேன். ஜெனரல் வார்டுல 5 பேருக்கு ஒரு நர்ஸ், டீச்சிங் ஆஸ்பத்திரின்னா 3 பேருக்கு ஒருத்தர், இது நர்சிங் கவுன்சில் கணக்கு, பரீட்சைல எழுதி மார்க் வாங்குனது. இங்க நைட்டு 34 பேருக்கு நாங்க ரெண்டு பேரு. இன்ஜெக்‌ஷன், சுகர், பிபி, நடுவுல புது அட்மிஷன். சீனியர் அக்கா சொன்னாங்க, எண்ண வேணாம், எல்லாருக்கும் மூச்சு 20னு போட்டுரு. அவங்க கெட்டவங்க இல்லம்மா, மொத நாள் நைட்டு அவங்க சாப்பாட்ட பாதி எனக்கு குடுத்தவங்க, அவங்களுக்கும் யாரோ இப்படித்தான் சொல்லி குடுத்துருப்பாங்க. ஒருத்தருக்கு சீரியஸ் ஆகப்போகுதுன்னா முன்னாடியே காட்டி குடுக்குறது அந்த மூச்சு எண்ணிக்கை தான். அத தெரிஞ்சே எழுதுனேன், மொத நாள் கை நடுங்குச்சு, ஒரு வாரத்துல நடுங்கல.

கேட்டா என்னன்னு நெனப்ப. ஒரு பொண்ணு மீட்டிங்ல ஆள் பத்தலன்னு சொன்னா, அடுத்த மாசம் பூரா அவளுக்கு நைட் டூட்டி. விட்டுட்டு வரலாம்னா என் சர்டிபிகேட் ஆபிஸ்ல இருக்கு, லோன் இருக்கு. 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி போட்ட கமிட்டி, 50 பெட் கூட இல்லாத ஆஸ்பத்திரியிலயும் நர்ஸுக்கு 20,000 குடுக்கணும்னு சொல்லிருக்கு, என் கைக்கு அவ்வளவு வர்றதில்ல. இதெல்லாம் சேந்து மனசு மரத்துப்போகுதும்மா, மரத்தா தான் மறுநாள் டூட்டிக்கு போக முடியுது.

திங்கக்கெழமையில இருந்து செஞ்சத மட்டும் எழுதுறேன், முடியாதத காலியா விட்டுர்றேன். இன்சார்ஜ் சத்தம் போட்டாங்க, இன்ஸ்பெக்‌ஷன் வந்தா யாரு பதில் சொல்றதுன்னு. கூட இருக்க பொண்ணும் நானும் சேந்து ஆஜிய திருப்புறோம், ஆயா வேல பாக்குற மௌசி கால பிடிச்சுக்குறாங்க, புண்ணு ஓரத்துல கொஞ்சம் புதுச்சதை வருது.

நாங்க மூணு பேரு சேந்தே தெணர்றோம். ஆச்சி உன்ன விட கனமாச்சே, ஒத்தையில எப்படிம்மா புரட்டுன? அத தம்பிகிட்ட சொல்லி எழுதி அனுப்பு.