அடிமனை வாடகைதாரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் வீட்டுக்கே வரும். போன வருஷம் போல அதைப் பிரிக்காமல் பழைய பேப்பரோடு போட்டுவிட வேண்டாம்.

இந்த ஆண்டில் செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. மூன்று முறைதான் கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை (கோரம்) சேர்ந்தது. குடியரசு தினத்தன்று கொடி ஏற்றி மிட்டாய் வழங்கப்பட்டது. சாக்கடை அடைப்பு பற்றி நகராட்சிக்கு மனு கொடுத்தோம். அடைப்பு அப்படியே இருக்கிறது. மறைந்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இனி, இந்த ஆண்டில் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். "செயலாளர் ஜெராக்ஸ் எடுத்தே சங்கத்தை ஓட்டாண்டி ஆக்கிவிட்டார்" என்று டீக்கடையில் பேச்சு நடப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் தெருவில் சுவரும் கூரையும் மாடியும் நம்முடையவை. அவை நிற்கிற மண், அதாவது அடிமனை, கோயிலுடையது. நம் தாத்தாக்கள் காலி மனையை வாடகைக்கு எடுத்துச் சொந்தக் காசில் வீடு கட்டினார்கள். மண்ணோடு ஒட்டியதெல்லாம் மண்ணின் சொந்தக்காரருக்கே என்ற இங்கிலாந்து விதி இங்கே அப்படியே செல்லாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1866-லேயே சொல்லியிருக்கிறது. குத்தகைக்காரர் தான் கட்டியதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. போகலாம்தான். மெத்தை வீட்டை எந்த வண்டியில் ஏற்றுவது? அதற்காகத்தான் 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் முதலில் சென்னைக்கு வந்தது, பிறகு மற்ற ஊர்களுக்கும் விரிந்தது. காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கு ஈட்டுத்தொகை உண்டு. 9-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் வழியாக மனையையே விலைக்குக் கேட்கலாம்.

இன்றும் நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் அந்த 9-ஆம் பிரிவை நம்பித்தான் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். 1996-இல் வந்த திருத்தம் கோயில் மனைகளை அந்தச் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. கோயில் மனையில் வாடகைக்கு இருந்த மயிலாப்பூர் கிளப் மாதிரி செல்வாக்கான இடமே உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. திருத்தம் செல்லும் என்று 2005-இல் தீர்ப்பாகிவிட்டது. இதை நான் மூன்று பொதுக்குழுவில் சொல்லிவிட்டேன். மூன்றிலும் கேட்டவர்கள் அதே பத்துப் பேர்.

ஆக நம் கையில் மிச்சம் இருப்பது, நாம் முறையான வாடகைதாரர்கள் என்பதற்கான காகிதம் மட்டுமே. அதனால்தான் வீடு வீடாகப் போய்ப் பழைய ரசீதுகளைத் திரட்ட ஆரம்பித்தேன். பேரன் டேப் பிடிக்க, ஒவ்வொரு மனையையும் அளந்தும் எழுதினேன். ஒரு வீட்டில் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தால், ரசீதுகள் கம்பியில் குத்தியபடியே இருந்தன. பாதிக்கு மேல் ராமபாணப் பூச்சி அரித்து மாவாகிவிட்டது. நடுவில் தப்பிய ஒன்று 1954-ஆம் வருஷத்து ரசீது. உள்ளங்கை அகலம், ஊதா மை. "காலி மனை வாடகை வகைக்கு ரூ. 1-8-0" என்று எழுதி, பாதி அழிந்த கோபுர முத்திரை. அந்தக் "காலி" என்ற ஒரு சொல்லுக்காக அந்த வீட்டம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வீடு கோயில் கட்டிக் கொடுத்ததல்ல என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் புது ரசீதுகளைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அச்சடித்தவை. அவற்றில் "மனை வாடகை" என்ற சொல்லே இல்லை. "பயன்பாட்டு இழப்பீட்டுத் தொகை" என்று இருக்கிறது. வாடகைதாரர் கொடுப்பது வாடகை, உரிமையில்லாமல் இருப்பவர் கொடுப்பது இழப்பீடு. அறநிலையத் துறைச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு, குத்தகை முடிந்தோ ரத்தாகியோ தொடர்ந்து இருப்பவரையும் ஆக்கிரமிப்பாளர் கணக்கில்தான் சேர்க்கிறது. என் வீட்டு ரசீதிலும் அதே சொல்தான்; இரண்டு வருஷமாகப் படிக்காமல் மடித்து வைத்திருக்கிறேன். கோயில் அலுவலகத்தில் போய்க் கேட்டால், "கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சார் வருது" என்றார்கள். ரசீதைத் திருத்தித் தரச் சொல்லி மனு கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்திருக்கிறேன். பதில் இன்னும் இல்லை.

இதை விளக்கத்தான் ஆடி மாதம் வக்கீலை வரவழைத்துக் கூட்டம் போட்டோம். எண்பது நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். பதினொரு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் நாற்காலிக்காரர். அதே அறநிலையத் துறைச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நியாய வாடகை மாற்றப்படும், உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம், ஆனால் நிர்ணயித்த தொகையைக் கட்டிய பிறகே அதை எடுத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். அன்று வராத இருவர் இப்போது 30 நாளையும் தவறவிட்டு என் திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. தாத்தா பெயரிலேயே வாடகை கட்டிக்கொண்டு, மூன்று சகோதரர்கள் வீட்டுக்காக வழக்காடுவது நம் தெருவில் இரண்டு இடத்தில் நடக்கிறது. "அடிமனை நீங்கலாக மேற்கட்டடம் மட்டும்" என்று வெள்ளைத்தாளில் எழுதி விற்றவரும் இருக்கிறார். வாங்கியவர் பெயர் மாற்றத்துக்கு அலைகிறார். சங்கம் பஞ்சாயத்து செய்யாது. ஆனால் சண்டை முடிவதற்குள் வாடகை பாக்கி விழுந்தால், மூவருக்கும் சேர்த்தே நோட்டீஸ் வரும்.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு, செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதல், கையிருப்பு இருக்கிறது. ஜெராக்ஸ், ஸ்கேன் செலவில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது; அதைக் கணக்கில் காட்டவில்லை, கேட்கவும் போவதில்லை. சந்தா பாக்கி உள்ளவர்கள் பெயரைப் பலகையில் எழுத வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் எழுதவில்லை. பட்டியல் என் பையில் இருக்கிறது.

இலவசமாக வந்து பேசிய வக்கீலுக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த மண்டபத்தாருக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும், டேப் பிடித்த பேரனுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்புக்கு இளையவர் யாராவது வந்தால் நல்லது. எனக்கு மூட்டுவலி, பரண் ஏற முடியவில்லை. யாரும் வராவிட்டால் வேறு வழியில்லாமல் நானே தொடர வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழக்கு என்று வந்தால் நிதி வேண்டும். அது எவ்வளவு என்று இப்போது சொல்லி யாரையும் பயமுறுத்தப் போவதில்லை. இன்னும் பத்தொன்பது வீட்டு ரசீதுகள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். ரசீதோடு வாருங்கள். சந்தாவையும் அப்போதே கொடுத்துவிட்டால் இரண்டு நடை மிச்சம்.

இப்படிக்கு,
செயலாளர்